கோய்டர் கிழித்த கோடு

தெற்கு ஆஸ்திரேலியாவின் சுற்றுலா வரைபடத்தை விரித்தால் பத்துப் பன்னிரண்டு வட்டாரங்கள் ஆளுக்கொரு நிறத்தில் தெரியும். கடலை ஒட்டிச் சின்னச் சின்னதாகப் பல துண்டுகள். வடக்கே ஃபிலிண்டர்ஸ் மலைத்தொடர், அவுட்பேக் என்று மாநிலத்தின் பெரும்பகுதியை விழுங்கிக்கொண்டு ஒரே துண்டு. திராட்சைக்கு ஒரு வட்டாரம், சிப்பிக்கு ஒன்று, கடற்சிங்கத்துக்கு ஒன்று. விற்பதற்கு வசதியான பிரிவினை. எனக்கு அந்த நிறங்களைவிட, சுற்றுலா வரைபடங்களில் பெரும்பாலும் அச்சாகாத ஒரு கோடுதான் வழிகாட்டியாக இருந்தது. 1865-இல் மாநிலத்தின் தலைமை நில அளவையாளர் ஜார்ஜ் கோய்டர் குதிரையில் அலைந்து திரிந்து வரைந்த கோடு அது. தெற்கே மழையை நம்பிக் கோதுமை விதைக்கலாம். வடக்கே விதைத்தால் விதையும் போச்சு, உழைப்பும் போச்சு. மேற்கே கடலோரத்தில் தொடங்கி, விக்டோரியா எல்லை வரை, வீசியெறிந்த கயிறு மாதிரி வளைந்தும் நெளிந்தும் போகிறது.

ஏறத்தாழ 9,84,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாநிலத்தில் இருபது லட்சத்துக்கும் குறைவான மக்கள். அவர்களில் நால்வரில் மூவருக்கு மேல் தலைநகர் அடிலெய்டிலேயே இருக்கிறார்கள். இந்தக் கணக்கு ஏன் இப்படி ஆனது என்பதற்கும் அந்தக் கோட்டில்தான் பதில் இருக்கிறது.

அடிலெய்டிலிருந்தே தொடங்கலாம். 1836 கடைசியில் இந்த நகரத்தின் இடத்தைத் தேர்ந்து, 1837-இல் அளந்து தெருக்களைக் குறித்தவர் கர்னல் வில்லியம் லைட். பினாங்கில் ஜார்ஜ் டவுனை நிறுவிய ஃபிரான்சிஸ் லைட்டின் மகன். பிறந்தது மலாய் மண்ணில், சிறுவயது கழிந்தது பினாங்கில். நேர்நேராகத் தெருக்களைப் போட்டுவிட்டு, நகரைச் சுற்றிலும் பூங்கா நிலத்தை வளையமாக விட்டார். இன்றைக்கும் நகரத்தின் எந்தத் தெருவில் நேராக நடந்தாலும் கடைசியில் ஒரு புல்வெளிக்கு வந்து சேருவீர்கள். அவர் தேர்ந்த இடம் சரியில்லை, துறைமுகத்துக்குத் தூரம் என்று அன்றைய ஆளுநர் முதல் ஆளாளுக்குத் திட்டினார்கள். லைட் 1839-இல் காசநோயில் இறந்தார். அவர் பெயர் கொண்ட சதுக்கத்திலேயே அவருடைய சமாதியும் இருக்கிறது. மான்டிஃபியோரி மேட்டில் அவர் சிலை நகரத்தை நோக்கிக் கையை நீட்டியபடி நிற்கிறது.

லைட் இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் கிழக்கே உள்ள மலைகள். மலை இருந்தால் மழை தங்கும், ஆறு ஓடும் என்று கணக்குப் போட்டார். கௌர்ணா மக்களின் ஆறான கரவிர்ரா பாரி, அதாவது டோரன்ஸ், நகரின் நடுவே ஓடுகிறது. நகரம் பெருத்த பிறகு அது எந்த மூலைக்கும் போதவில்லை. 1955-இல் மர்ரே ஆற்றிலிருந்து மலையைத் தாண்டிக் குழாய் போட்டார்கள். அதுவும் நம்ப முடியாத நிலை வந்தபோது, 2011-இல் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. 1869 முதல் நடக்கும் சென்ட்ரல் மார்க்கெட்டில் பீட்ரூட்டும் பீச் பழமும் குவிந்து கிடப்பதைப் பார்க்கிற வெளியூர்க்காரருக்கு இதெல்லாம் தோன்றாது. அந்த மார்க்கெட்டுக்குச் சனிக்கிழமை காலையில் போங்கள்; சீஸ் கடைக்காரர்கள் தாராளமாகச் சாம்பிள் தருகிறார்கள்.

கங்காரு தீவைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். கேப் ஜெர்விஸிலிருந்து கப்பலில் முக்கால் மணி நேரம். தீவுக்குத் தேன் கொண்டுபோகக் கூடாது. 1880-களில் இத்தாலியின் லிகூரியப் பகுதியிலிருந்து வந்த தேனீக்கள் வேறு இனத்தோடு கலக்காமல் இங்கே வாழ்கின்றன; 1885-லேயே சட்டம் போட்டுத் தீவைத் தேனீக்களுக்கான காப்பிடமாக்கினார்கள். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் பற்றிய காட்டுத்தீயில் தீவில் கிட்டத்தட்டப் பாதி எரிந்துபோனது. மேற்குக் கோடியில் யூக்கலிப்டஸ் மரங்களின் அடித்தண்டிலிருந்தே பச்சை இலைகள் கொத்துக் கொத்தாகக் கிளம்பி நிற்கின்றன. கரிந்த கிளைகள் மேலே, தளிர் கீழே. சீல் பே கடற்கரையில் கடற்சிங்கங்கள் மனிதரைச் சட்டை செய்யாமல் தூங்குகின்றன. பார்க்க வேண்டிய இடம்தான், ஆனால் ஒரே பகலில் போய்த் திரும்புகிற பேருந்துச் சுற்றுலாவில் போகாதீர்கள்; பாதி நேரம் சாலையிலேயே போய்விடும்.

தெற்கில் என்னை நிறுத்திவைத்தது மர்ரே ஆற்றின் முகத்துவாரம். மலையிலிருந்து 2,500 கிலோமீட்டர் வந்து, கூல்வா என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலில் சேருகிறது. சேருகிறது என்று சொல்வது மரியாதைக்காக. மேலே மூன்று மாநிலங்கள் பாசனத்துக்கு எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதுதான் இங்கே வரும். வறட்சிக் காலங்களில் ஆற்றுக்குக் கடலை நோக்கித் தள்ளும் வலு இல்லாமல், அலை கொண்டுவந்து கொட்டும் மணலில் வாய் அடைத்துக்கொள்ளும். அதனால் மண் அள்ளும் எந்திரங்களை ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வாயைத் திறந்துவைத்தார்கள். 1830-இல் சார்லஸ் ஸ்டர்ட் துடுப்புப் படகில் ஆற்றோடு வந்து இந்த இடத்தைப் பார்த்தபோது, கப்பல் நுழைய லாயக்கில்லாத வாய் என்று தெரிந்து ஏமாந்தார். வந்த வழியே நீரை எதிர்த்துத் துடுப்புப் போட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. ஆனால் 2022 டிசம்பரில் இதே ஆற்றில் 1956-க்குப் பிறகு காணாத வெள்ளம் வந்து கரையோர விடுதிகளை மூழ்கடித்தது. கொடுத்தால் ஒரேயடியாகக் கொடுக்கும், இல்லையென்றால் இல்லை.

முகத்துவாரத்திலிருந்து தென்கிழக்கே கடலுக்கு இணையாக, நீண்ட மணல்மேட்டுக்குப் பின்னால் நூறு கிலோமீட்டருக்கு மேல் கிடக்கும் உப்பங்கழிதான் கூராங். நகாரின்ஜெரி மக்களின் நிலம். காலின் தீலி 1964-இல் எழுதிய 'ஸ்டார்ம் பாய்' நாவலும் அதை வைத்து 1976-இல் வந்த படமும் இங்குள்ள கூழைக்கடாக்களை நாடு முழுக்கப் பிரபலமாக்கின. கழியின் தென்முனைக்குப் போகப் போகத் தண்ணீர் கடலைவிட உப்பாகிவிடும். கரையில் கை வைத்தால் விரல் காய்ந்ததும் வெள்ளையாக உப்புப் பூத்துவிடுகிறது. கூழைக்கடாக்கள் தூரத்தில் ஒரு வரிசையாக மிதந்துகொண்டிருந்தன. அருகே போகலாமென்றால் அவை நம் வேகத்துக்கு அளந்தாற்போல் தள்ளித் தள்ளிப் போகின்றன. மர்ரே ஆற்றைக் காரோடு கடக்க வேண்டுமானால் கம்பிவடத்தில் இழுத்துப்போகும் மிதவைப் படகுகள் இருக்கின்றன, இரவு பகலாக, கட்டணம் இல்லாமல். மாநில அரசின் நல்ல காரியங்களில் அதை முதலில் சொல்வேன்.

இன்னும் தெற்கே மவுண்ட் கேம்பியரில் ஓர் எரிமலை வாய்க்குள் இருக்கும் ஏரி, குளிர்காலம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் இருந்துவிட்டு நவம்பரில் திடீரென்று நீலத்துக்கு மாறுகிறது. வெயிலேறி மேல்நீர் சூடாகும்போது கால்சைட் நுண்படிகங்கள் உருவாகி ஒளியைச் சிதறடிப்பதே காரணம் என்கிறார்கள். ஊருக்குக் குடிநீரும் அதே ஏரிதான். சுற்றிலும் சுண்ணாம்புப் பாறை. மழை தரையில் தங்காமல் கீழே இறங்கிக் குகைகளைக் குடைந்துவிட்டது. மாநிலத்தின் ஈரமான மூலை இது. ஜூலையில் போனால் ஏரியைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள், நவம்பரில் போங்கள்.

அடிலெய்டுக்குத் திரும்பி வடகிழக்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் பரோசா. பிரஷ்ய மன்னர் வழிபாட்டில் கொண்டுவந்த மாற்றங்களுக்கு இணங்காமல் கிளம்பிவந்த சைலீசிய லூத்தரன் குடும்பங்கள் 1842-இல் இங்கே பெத்தனி என்ற ஊரை அமைத்தன. ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களைத் துடைத்தெறிந்த ஃபிலாக்சரா பூச்சி விக்டோரியா வரை வந்தது, இந்த மாநிலத்துக்குள் நுழைய விடவில்லை. அதனால்தான் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள் இன்னும் காய்க்கின்றன. அவற்றைக் கொடி என்று சொல்ல மனம் வராது. தொடை பருமனுக்கு முறுக்கேறிக் கறுத்த அடிமரங்கள், தலையில் மட்டும் கொஞ்சம் பச்சை. செப்பெல்ட்ஸ்ஃபீல்டில் 1878-இல் பென்னோ செப்பெல்ட் ஒரு பீப்பாய் ஒயினைத் தனியே எடுத்து வைத்து, நூறு ஆண்டு திறக்கக் கூடாது என்றார். அன்றிலிருந்து ஆண்டு தவறாமல் வைத்துவருகிறார்கள். பிறந்த ஆண்டின் பீப்பாயிலிருந்து ஒரு மடக்கு வாங்கலாம். ஒயினைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. வெல்லப்பாகு வாசனையில் கெட்டியாக இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். சாலையின் இருபுறமும் நிற்கும் ஈச்ச மரங்கள் எனக்கு அதைவிடப் பிடித்தன. 1930-களின் பொருளாதார மந்தத்தில் வேலையாட்களை வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் செப்பெல்ட் குடும்பம் அவர்களைக் கொண்டு நடவைத்த மரங்கள் அவை.

பரோசாவைத் தாண்டி வடக்கே போகும்போது பச்சை மெல்ல மெல்ல வெளுக்கிறது. பர்ராவுக்கு வந்தபோது காரை ஓட்டிய நண்பர், அடிலெய்டில் பல ஆண்டுகளாக இருப்பவர், வண்டியை பங்கில் நிறுத்தினார். "இனிமே பங்க் எங்கே பார்த்தாலும் டேங்கை நிரப்பிடணும் அண்ணே. பாதி இருக்கேன்னு விட்டுடக் கூடாது" என்றார்.

பர்ராவில் 1845-இல் தாமிரம் கிடைத்தது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து சுரங்கத் தொழிலாளிகள் குவிந்தார்கள். வீடு கட்ட மரமும் இல்லை, வாடகைக்குப் பணமும் இல்லை. ஓடைக்கரையின் களிமண்ணைக் குடைந்து உள்ளே குடியேறினார்கள். 1851-இல் சுமார் 1,800 பேர் இப்படி ஓடைக்கரையில் வாழ்ந்தார்கள். அந்த வளைகளில் இரண்டை இன்னும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். உள்ளே குனிந்து போனால் சுண்ணாம்பு பூசிய சுவரும் ஒரு அடுப்பு மாடமும் தெரியும். அடுப்புப் புகைபோக்கி மேலே தரையில் நீட்டிக்கொண்டிருக்கும். அதே ஆண்டு ஓடையில் வெள்ளம் வந்து வீடுகளை அரித்துக்கொண்டு போனது. தண்ணீர் இல்லாத நாட்டில் தண்ணீரால் வீடிழந்தவர்கள். பர்ராவுக்கு வெளியே, கூரை சரியத் தொடங்கிய கல்வீடு ஒன்று வெட்டவெளியில் தனியே நிற்கிறது. மிட்நைட் ஆயில் இசைக்குழுவின் 1987 ஆல்பமான 'டீசல் அண்ட் டஸ்ட்' அட்டையில் இருப்பது அந்த வீடுதான். சாலையோரம் படம் எடுக்க ஆட்கள் நின்றபடியே இருக்கிறார்கள்.

கோய்டரின் கோடு இந்தப் பக்கமாகத்தான் போகிறது. 1864-65 வறட்சியில் வடக்கே ஆடுகள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. பண்ணைக்காரர்கள் குத்தகையைக் குறைக்கச் சொல்லி அரசிடம் முறையிட்டார்கள். பாதிப்பு எதுவரை என்று பார்த்துவரக் கோய்டரை அனுப்பினார்கள். அவர் மழைக்கணக்கை மட்டும் நம்பவில்லை. அந்தப் பகுதிக்கு அப்போது கணக்கும் அதிகம் இல்லை. செடியைப் பார்த்தார். மாலீ என்கிற குட்டை யூக்கலிப்டஸ் புதர்கள் எங்கே முடிகின்றனவோ, சாம்பல்பச்சை உப்புப் புதர் எங்கே தொடங்குகிறதோ, அங்கே கோடு. ஆண்டுக்குச் சுமார் 250 முதல் 300 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் அது என்று பின்னால் கண்டுகொண்டார்கள். சாலையோரம் சில இடங்களில் கோடு கடக்கும் இடத்தைக் குறித்துக் கல் நட்டிருக்கிறார்கள். இறங்கி நின்றால் இந்தப் பக்கம் அறுவடை முடிந்த கோதுமைத் தாளும் அந்தப் பக்கம் உப்புப் புதரும் கண்ணுக்குத் தெரிவது உண்மை. சுருக்கென்று மாறிவிடாது; ஓரிரண்டு மைல் தூரம் இரண்டும் கலந்து கிடக்கும்.

கோய்டருக்கு இந்தக் கண் சும்மா வாய்க்கவில்லை. 1857-இல் வடக்கே போனவர், நல்ல தண்ணீர் ததும்பும் ஏரியையும் பசும்புல்லையும் பார்த்துவிட்டு வளமான நாடு என்று அறிக்கை எழுதினார். அடுத்த சில மாதங்களில் அவருடைய மேலதிகாரி ஃபிரீலிங் அங்கே போனபோது சேறுதான் மிச்சம். கோய்டர் பார்த்தது ஒரு நல்ல மழைக்குப் பிந்தைய காட்சி, பாதி கானல். அந்த அவமானத்துக்குப் பிறகு அவர் மழையை நம்பாமல் செடியை நம்பியதில் வியப்பில்லை.

ஜனங்கள் அவரை நம்பவில்லை. 1870-களில் சில ஆண்டுகள் நல்ல மழை. ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் போலவே இங்கேயும் பரவியது. கோட்டுக்கு வடக்கே கடனில் நிலம் விற்கக் கூடாது என்ற விதியை 1874-இல் அரசே எடுத்துவிட்டது. விவசாயிகள் வடக்கே பாய்ந்தார்கள். ஊர்களுக்கு மனை அளந்தார்கள், ஏலம் விட்டார்கள், ஓட்டலும் தேவாலயமும் எழும்பின. 1880-களில் வறட்சி திரும்பிவந்தது. இன்றைக்குக் குவார்னிலிருந்து ஹாக்கர் போகும் வழியெல்லாம் கூரையில்லாக் கல்வீடுகள் நிற்பதன் கதை இதுதான். சுற்றுலாப் பயணிகள் அவற்றை அழகான இடிபாடுகள் என்று படம் பிடிக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் கடன் பத்திரம்.

டெரோவி என்ற ஊர் வேறு விதத்தில் காலியானது. அகலப் பாதையும் குறுகிய பாதையும் சந்தித்த ரயில் நிலையம் அது. எல்லா ரயிலிலும் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டியிருந்ததால் ஊர் பிழைத்தது. பிலிப்பீன்ஸிலிருந்து தப்பிவந்த ஜெனரல் மக்கார்தர் 1942 மார்ச் 20 அன்று இங்கே ரயில் மாறும்போதுதான், நான் திரும்பி வருவேன் என்று நிருபர்களிடம் சொன்னார். உலகமறிந்த அந்த வாக்குறுதிக்கு ஒரு நினைவுப் பலகை இருக்கிறது. தடங்களின் அகலம் சரிசெய்யப்பட்டதும் ஊருக்கு வேலை இல்லாமல் போனது. கடைவீதி முழுக்கப் பழைய விளம்பர எழுத்துகளோடு பூட்டிக் கிடக்கிறது.

ஃபிலிண்டர்ஸ் மலைகளுக்குள் நுழைந்ததும் நிறம் மறுபடி மாறுகிறது: செம்பாறை, ஊதா நிழல், வெள்ளைத் தண்டு யூக்கலிப்டஸ். வில்பீனா பவுண்ட், அட்ன்யமதன்ஹா மக்களுக்கு இக்காரா, சுற்றிலும் மலைச்சுவர் எழும்பி நடுவே சமவெளியைக் காத்துவைத்திருக்கும் இடம். உயரமான சிகரம் 1,171 மீட்டர். மலை கொஞ்சம் கூடுதலாக மழையைப் பிடித்துவைப்பதால் இங்கே கோதுமை விளையும் என்று ஹில் குடும்பத்தினர் 1901-இல் உள்ளே குடியேறினார்கள். மலைச்சுவரின் பிளவு வழியாகச் சிரமப்பட்டுச் சாலை போட்டார்கள். 1914-இல் வந்த வெள்ளம் அந்தச் சாலையை அடித்துக்கொண்டு போனது. மறுபடி போட அவர்களுக்குத் தெம்பில்லை. அவர்களுடைய கல்வீடு நடைபாதையோரம் இருக்கிறது.

இந்த மலையின் உண்மையான பெருமை பாறைக்குள் இருக்கிறது. 1946-இல் ரெஜ் ஸ்பிரிக் என்ற இளம் புவியியலாளர் எடியாகரா குன்றுகளில் பழைய சுரங்கங்களைப் பார்வையிடப் போனவர், பாறைத்தட்டில் ஜெல்லிமீன் போன்ற பதிவுகளைக் கண்டார். எலும்போ ஓடோ இல்லாத உயிர்கள், சுமார் 55 கோடி ஆண்டுப் பழையவை. அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2004-இல் புவியின் காலக்கணக்கில் ஒரு முழுக் காலத்துக்கே எடியாகரன் என்று பெயர் வைத்தார்கள். நில்பீனாவில் 2023-இல் தேசியப் பூங்கா திறந்த பிறகு, வழிகாட்டியோடு போய்ப் பார்க்கலாம். உச்சி வெயிலில் பார்த்தால் வெறும் கற்பலகை. வழிகாட்டி பக்கவாட்டில் டார்ச் அடித்ததும் கட்டைவிரல் ரேகை மாதிரி நுண்வரிகளோடு டிக்கின்சோனியா என்ற உயிரின் பதிவு எழுந்து நிற்கிறது. பக்கத்தில் அலை விட்டுப்போன மணல்வரி. ஆண்டுக்கு ஒரு சாண் மழை பெய்யாத இடத்தில் நாம் நிற்பது கடலடித் தரையில்.

அங்கிருந்து வடக்கே ஃபரீனா. 1878-இல் கோதுமைக் கனவில் அளந்த ஊர். கவர்ன்மென்ட் கம்ஸ் என்ற பழைய பெயரைத் தூக்கிவிட்டு மாவைக் குறிக்கும் பெயரைச் சூட்டினார்கள். கோதுமை வரவில்லை. ரயில் வந்தது, அதனால் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. இப்போது கல்சுவர்கள் மட்டும். ஆனால் குளிர்காலத்தில் சில வாரம் ஓய்வுபெற்ற தன்னார்வலர்கள் கூடாரம் அடித்துத் தங்கிச் சுவர்களைச் செப்பனிடுகிறார்கள். தரைக்கடியில் இருக்கும் பழைய பேக்கரி அடுப்பில் விறகு போட்டு ரொட்டி சுடுகிறார்கள். காலையில் வரிசை நிற்கிறது. மேலோடு விரலில் தட்டினால் டொக்கென்று ஒலிக்கும் ரொட்டி, உள்ளே ஆவி. மாவு தெற்கிலிருந்து லாரியில் வருகிறது.

இன்னும் வடக்கே மாரீயில் பழைய கான் ரயிலின் எஞ்சின்கள் தண்டவாளம் இல்லாத நிலையத்தில் நிற்கின்றன. அந்த ரயிலுக்கு முன்னால் இந்த நாட்டைச் சுமந்தவை ஒட்டகங்கள். தாமஸ் எல்டர் ஏற்பாட்டில் 1866 வாக்கில் கராச்சியிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட ஒட்டகங்களும் அவற்றை ஓட்ட ஆட்களும் போர்ட் அகஸ்டாவில் இறங்கினார்கள். ஆப்கானியர் என்று மொத்தமாகச் சொன்னாலும் பலூச், சிந்து, பஞ்சாப் பகுதியினரும் அதில் உண்டு. மாரீயில் ரயில்பாதைக்கு ஒரு பக்கம் வெள்ளையர், மறுபக்கம் ஒட்டகக்காரர்களும் பூர்வகுடியினரும். அவர்களுடைய மண்சுவர்ப் பள்ளிவாசலின் மாதிரியை இப்போது கட்டிவைத்திருக்கிறார்கள். நகரப் பள்ளிவாசல் பார்க்க வேண்டுமானால் அடிலெய்டின் லிட்டில் கில்பர்ட் தெருவுக்குப் போங்கள், 1880-களின் இறுதியில் கட்டியது.

மாரீயிலிருந்து மண்சாலையில் காட்டி தண்டா, அதாவது ஐர் ஏரிக்கரை வழியாகக் கூபர் பீடி போவதாகத் திட்டம். கடல்மட்டத்துக்கு 15 மீட்டர் கீழே கிடக்கும் அந்த உப்புத்தட்டில் 1963-இல் டொனால்ட் கேம்ப்பெல் கார் வேகச் சாதனை செய்ய வந்தபோது மழை பிடித்து ஆட்டத்தைக் கலைத்தது. அடுத்த ஆண்டு வந்துதான் மணிக்கு 648 கிலோமீட்டரைத் தாண்டினார். எங்களுக்கும் அதே கதி. ஊரெல்லையில் சாலைப் பலகையில் எங்கள் வழிக்கு நேரே 'மூடப்பட்டது' என்ற சிவப்பு எழுத்து. முந்தைய நாள் பெய்த மழை. ஈரத்தில் ஓட்டினால் சாலை வாரக்கணக்கில் வீணாகும் என்பதால் மீறுவோருக்கு அபராதம் உண்டு. தெற்கே போர்ட் அகஸ்டா வரை திரும்பிவந்து, ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் மறுபடி 540 கிலோமீட்டர் வடக்கே ஏறினோம். நண்பரின் பெட்ரோல் தத்துவம் அந்த வழியில்தான் புரிந்தது. ஓரிடத்தில் 250 கிலோமீட்டருக்கு பங்க் கிடையாது.

கூபர் பீடியில் பாதி ஊர் பூமிக்குள் இருக்கிறது. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் பதுங்குகுழிப் பழக்கத்தில் மலையைக் குடைந்து தங்க ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். வெளியே நாற்பது டிகிரி கொதிக்கும்போது உள்ளே இருபத்துச் சொச்சம், மின்விசிறி வேண்டாம். செர்பிய ஆர்த்தடாக்ஸ் தேவாலயத்தின் கூரையில் குடையும் எந்திரத்தின் வட்டவட்டத் தடம் அப்படியே அலங்காரமாக நிற்கிறது. கோல்ஃப் மைதானத்தில் ஒரு புல் கிடையாது. ஆடுபவர் செயற்கைப் புல்விரிப்புத் துண்டைக் கையோடு தூக்கிப்போய், அதன்மேல் பந்தை வைத்து அடிக்கிறார். ஊருக்கு வெளியே சுரங்கக் குழிகளும் வெள்ளை மண்குவியல்களும். படம் எடுக்கப் பின்னால் நடக்காதீர்கள் என்று எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள்.

1915 பிப்ரவரியில் இங்கே தங்கம் தேடி வந்த குழுவில் வில்லி ஹட்சிசன் என்ற பதினான்கு வயதுப் பையன் இருந்தான். தங்கம் கிடைக்கவில்லை. பெரியவர்கள் தண்ணீர் தேடிப் போயிருந்தார்கள். முகாமில் இரு என்று சொன்னதைக் கேட்காமல் பையனும் கிளம்பினான். இருட்டிய பிறகு ஒரு பை நிறைய ஓபல் கற்களோடு வந்தான், தண்ணீர் இருக்கும் இடத்தையும் கண்டுவந்தான். ஊர் உருவானது கல்லால். முதல் நாள் அவர்கள் பிழைத்தது மற்றதால்.

இன்று ஊருக்குத் தண்ணீர் இருபது கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்து, உப்பு நீக்கிய பிறகே குழாய்க்குப் போகிறது. எங்கள் விடுதிக் குளியலறையில், சீக்கிரம் குளித்து முடியுங்கள் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். வழியெல்லாம் கோய்டரைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்த நண்பர் அன்றிரவு அரை மணி நேரம் குளித்தார்.